கையைக் கடிக்காமல் நண்பர்களோடு ஊர் சுற்ற: வடசென்னையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று நம் பக்கத்து நண்பர் கூட்டங்களில் டிரிப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. எங்கள் கூட்டத்தில் ஏற்பாட்டு வேலை என் தலையில் விழுந்து பல வருடமாகிறது. அதனால் பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். ரூபாய்க் கணக்கெல்லாம் சுமாரானது, ரயில் நேரங்களும் மாறும். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரை முடிவு செய்வதா, பணத்தை முடிவு செய்வதா?

பணத்தை. அதிலும் கூட்டத்தில் யாரால் மிகக் குறைவாகப் போட முடியுமோ, அவருடைய தொகையை.

ஆறு பேர் என்று வையுங்கள். இரண்டு பேருக்கு ஐடி கம்பெனிச் சம்பளம், 3,000 கூடப் போடுவார்கள். மூன்று பேர் 2,000 வரை தாங்குவார்கள். ஒருவனுக்குத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை; வீட்டுக்குக் கொடுத்தது போக 800 தான் கையில் நிற்கும். குரூப்பில் ‘தலைக்கு 2,000, ஓகேவா?’ என்று போட்டால் ஐந்து கட்டைவிரல் வரும். ஆறாவது ஆள் இரண்டு நாள் கழித்து, ‘அன்னைக்கு டூட்டி மச்சான், நீங்க போயிட்டு வாங்க’ என்பான். டூட்டியெல்லாம் இருக்காது. அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசமாட்டார்கள்.

அதனால் குரூப்பில் கேட்காதீர்கள். ஏற்பாடு செய்பவர் ஒவ்வொருவருக்கும் தனியாக போன் போட்டு, ‘இந்த மாசம் அதிகபட்சம் எவ்வளவு போட முடியும்?’ என்று கேட்கட்டும். வந்ததில் சின்ன எண்தான் எல்லாருக்கும் பட்ஜெட். அது யாருடைய எண் என்று வெளியே சொல்லக் கூடாது. 800 என்றால் 700-க்குத் திட்டம் போட்டு, மீதி 100-ஐ அவசரத்துக்கு வையுங்கள். 700-க்குப் போகிற இடம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு மாதம் தள்ளிப்போட்டுச் சேர்க்கலாம். ஆளைக் கழற்றிவிட்டுப் போவதைவிட அது மேல்.

சம்பளத் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் தேதியை ஒட்டிய ஞாயிறு என்றால் எல்லார் கையிலும் கொஞ்சம் புழக்கம் இருக்கும். இருபதுக்கு மேல் பேச்சே எடுக்க வேண்டாம்.

தலைக்கு 500 ரூபாய்தான் தேறும். அதில் எங்கே போக முடியும்?

பழவேற்காடு. நம் வீட்டு வாசலிலேயே இருக்கிற ஊர், ஆனால் நம்மில் பாதிப் பேர் போனதில்லை.

கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ விம்கோ நகரிலோ ஏறி, பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயில்கள் குறைவாக ஓடும் என்பதால் காலையில் சீக்கிரம் கிளம்புவது நல்லது. இறங்கியதும் முதல் வேலையாக, திரும்பி வரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கண்டக்டரையே கேட்டுவிடுங்கள்.

கணக்கு இப்படி வரும். போக வர ரயிலுக்கு 30, பேருந்துக்கு 50, காலை டிபன் 60, மதியம் மீனோ இறாலோ வைத்து ஒரு சாப்பாடு 180, டீ, பஜ்ஜி 40. மொத்தம் 360. மிச்சம் 140 ரூபாயில் பனை ஓலைப் பெட்டி ஒன்று வாங்கி வீட்டில் கொடுத்தால், அடுத்த டிரிப்புக்கு அனுமதி சுலபம். அந்த ஊர்ப் பெண்கள் பின்னுகிற கூடைகள், பெட்டிகள் நல்ல உழைப்பு உள்ளவை. பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பார்க்க என்ன இருக்கிறது? சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூநாரைகள் வரும் காலம். சென்னை என்று ஒரு நகரமே இல்லாத காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர்கள் வந்து வியாபாரம் செய்த துறைமுகம் அது. 1613-ல் கெல்ட்ரியா என்று கோட்டையும் கட்டினார்கள். கோட்டையில் இப்போது சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசல் தூண்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், கல்லிலே முழு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். செல்ஃபி எடுக்கப் போகிற கூட்டம்கூட அங்கே ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்று: படகு. ‘200 ரூபா குடுங்க, அந்தக் கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு மீன் பிடிக்கத்தான். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் காசு கொடுத்து ஏறுவது எந்த பட்ஜெட்டிலும் சேராது.

எல்லாரும் மகாபலிபுரம், பாண்டிச்சேரி என்கிறார்களே. அதைவிட்டு ஏன் வடக்கே?

மகாபலிபுரம் நல்ல ஊர்தான். குறை சொல்லவில்லை. ஆனால் விம்கோ நகரில் இருப்பவன், தெற்கே போகிற பேருந்துகள் கிளம்பும் கிளாம்பாக்கம் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகிறது. மெட்ரோ, அப்புறம் மின்சார ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ என்று ஊரைத் தாண்டுவதற்குள் நூறு ரூபாயும் பாதி உற்சாகமும் போய்விடும். டிரிப் கட்டுரைகளெல்லாம் தாம்பரத்தில் இருந்துகொண்டு எழுதியவை மாதிரி இருக்கும். நமக்கு அது பொருந்தாது.

நமக்குப் பக்கத்தில் இருப்பது வேறு. சூலூர்பேட்டை வரை போகிற வடக்குப் பாதை. பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் வழியாக அரக்கோணம், திருத்தணி போகிற மேற்குப் பாதை. கடற்கரை நிலையம். 2018-ல் திறந்த மாதவரம் பேருந்து முனையம். ஆந்திரா பக்கம் திருப்பதி, காளஹஸ்தி, நெல்லூர் போகிற பேருந்துகளெல்லாம் அங்கிருந்துதான். தெற்கே போகிற சில பேருந்துகளும் இப்போது அங்கிருந்து கிளம்புகின்றன. எனவே கிளாம்பாக்கத்துக்கு ஓடும் முன் மாதவரத்தில் உண்டா என்று பாருங்கள். இந்த நாலு இடத்திலிருந்து நேராக எங்கே போக முடியுமோ அதுதான் நம்முடைய மலிவான ஊர். திருத்தணிப் படி ஏறி இறங்கிவிட்டு மதியம் வீட்டில் வந்து சாப்பிடலாம், புறநகர் ரயில் டிக்கெட் ஒரு பெரிய டீக்கடைச் செலவுதான்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதைப் பார்க்கப் போகலாமா? நிறையச் செலவாகுமா?

அனுமதி இலவசம். ராக்கெட் ஏவப்படும்போது பொதுமக்கள் பார்ப்பதற்கென்றே இஸ்ரோ ஒரு பார்வையாளர் மாடம் வைத்திருக்கிறது. ஏவும் தேதி அறிவித்த பிறகு இணையத்தில் முன்பதிவு திறக்கும். திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும் என்பதால் ஆறு பேரும் அவரவர் போனில் தயாராக உட்காருங்கள். அடையாள அட்டை அவசியம். சென்ட்ரலில் ஏறினால் சூலூர்பேட்டை வரை புறநகர் ரயில், அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ.

ராக்கெட் கடைசி நேரத்தில் தள்ளிப்போகும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு, திரும்பக் கிடைக்காத அட்வான்ஸ் எதையும் யாருக்கும் கொடுக்காமல் போங்கள். பதிவு கிடைக்கவில்லையா, வானம் தெளிவாக இருந்தால் நம் காசிமேட்டுக் கடற்கரையிலிருந்தே வடக்கே தெரியும். செலவு பூஜ்யம்.

ரூம் போடக் காசில்லை. ஆனால் ஒரு ராத்திரி வெளியே இருக்க வேண்டும்.

திருவண்ணாமலை. 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரை நிலையத்திலிருந்தே நேரடி ரயில் போகிறது. ஓடத் தொடங்கியபோது கட்டணம் 50 ரூபாய். மாலை 6 மணிக்கு ஏறினால் நள்ளிரவில் போய் இறங்கும். அப்படியே 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கத் தொடங்கினால் விடியும் நேரத்தில் முடியும். ரூமே தேவைப்படாது. பக்தி இருக்கிறவனுக்குப் பக்தி, இல்லாதவனுக்கு ராத்திரி நடை. பௌர்ணமி அன்று மட்டும் போகாதீர்கள், ரயிலில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கும்.

விடியற்காலை 4 மணிக்கு அதே ரயில் திரும்புகிறது. அதைப் பிடிக்க ஓட வேண்டாம் என்பது என் கருத்து. இட்லி சாப்பிட்டுவிட்டு, மாதவரம் பேருந்து கிடைக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். இன்னும் தெம்பிருந்தால் வழியில் செஞ்சியில் இறங்கலாம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை, நுழைவுக் கட்டணம் சொற்பம். ஆனால் ராத்திரி முழுக்க நடந்தவர்கள் அங்குள்ள ராஜகிரி மலை ஏறுவதற்கு முன் முழங்காலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மலைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். குறைந்த செலவில் எது?

ஏலகிரி. ஊட்டி மாதிரி குளிரும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்கு மூன்று மணி நேரத்துச் சொச்சம். காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போய், மறுநாள் மாலை அதே வண்டி திரும்பும்போது ஏறி வந்துவிடலாம். ஜோலார்பேட்டையிலிருந்து மேலே பேருந்து போகும், 14 கொண்டை ஊசி வளைவுகள். மலையடிவாரத்து ஊர் பெயரும் பொன்னேரிதான். பலகையைப் பார்த்துவிட்டு, ‘டேய், திரும்ப மீஞ்சூர் பக்கமே வந்துட்டோமா’ என்று எவனாவது கேட்காமல் இருக்கமாட்டான்.

ஆறு பேருக்கு நான் போடும் கணக்கு, தலைக்கு: உட்காரும் வகுப்பு ரயில் போக வர 240, மலைக்குப் பேருந்து 60, இரண்டு ரூம் சேர்த்து 3,600 என்றால் பங்கு 600, நாலு வேளைச் சாப்பாடு 440, டீ, நொறுக்கு 80, மேலே சுற்ற ஆட்டோப் பங்கு 80, படகு, பூங்கா என்று 100. ஆக 1,600. கையில் இன்னும் 200 வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் அசைக்கக்கூடிய ஒரே தொகை ரூம் வாடகை. சனிக்கிழமை இரவு கேட்கும் வாடகையும் திங்கட்கிழமை கேட்கும் வாடகையும் ஒன்றல்ல. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் அதிகம் உள்ள கூட்டம் என்றால் ஞாயிறு போய்த் திங்கள் திரும்புங்கள். ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு நேராக விடுதிக்கே போன் செய்து, ‘ஆறு பேர் வர்றோம் அண்ணா, நேரா வந்தா எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, கூடுதல் ஆளுக்கு மெத்தைக்குத் தனிக் காசா, எத்தனை மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும், இந்த மூன்றையும் அந்த போனிலேயே கேட்டு, பதிலை வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட் எப்போது போட வேண்டும்?

இப்போதைய விதிப்படி 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். நன்றாக முன்கூட்டியே ரத்து செய்தால் உட்காரும் வகுப்புக்குத் தலைக்கு 60 ரூபாயும் படுக்கை வகுப்புக்கு 120 ரூபாயும் பிடிப்பார்கள். பயணத்தை நெருங்க நெருங்க பிடித்தம் கூடும். தட்கலை நம்பித் திட்டம் போடாதீர்கள், காசும் அதிகம், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் திரும்ப எதுவும் வராது. அரசு விரைவுப் பேருந்தில் போக, வர இரண்டையும் சேர்த்து இணையத்தில் பதிவு செய்தால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

ஊட்டி, கொடைக்கானல்?

போகலாம், ஆனால் பேருந்திலோ ரயிலிலோ. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ எடுத்துப் போனால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி மேட்டுப்பாளையத்தில் காலையில் விடும், ஒரு இரவு ரூம் செலவு மிச்சம். பொம்மை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று அழ வேண்டாம், பேருந்தில் ஏறுங்கள். இரண்டு நாளில் இந்த ஊர்களை முடிக்கப் பார்த்தால் பயணச் செலவுக்கே காசு சரியாகப் போகும். மூன்று நாள் லீவு இல்லாமல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேன் பிடிப்பதா, பைக்கில் போவதா?

எட்டுப் பேருக்குக் கீழே என்றால் வேன் கட்டுப்படியாகாது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

வேன்காரர் முதலில் கிலோமீட்டர் ரேட் மட்டும் சொல்வார். அது பாதிக் கதை. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு, டிரைவர் பேட்டா எவ்வளவு, ராத்திரி பேட்டா தனியா, டோல், பார்க்கிங் யார் தலையில், ஆந்திரா போனால் பர்மிட் யார் எடுப்பது, ஷெட்டிலிருந்து மீட்டர் ஓடுமா நம் வாசலிலிருந்தா, இவ்வளவையும் கேளுங்கள். 100 கிலோமீட்டர்தான் ஓடினோம் என்றாலும் 250-க்குக் காசு கேட்பது அந்தத் தொழிலில் சகஜம். முன்பே பேசியிருந்தால் சண்டை வராது.

முகூர்த்த நாளில் வேன் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். காலண்டரில் முகூர்த்தம் பார்த்துத் தேதி குறியுங்கள், கல்யாணத்துக்குப் பார்ப்பதற்கு நேர் எதிராக. ஆடியில் கல்யாணம் கிடையாது, வண்டி சும்மா நிற்கும், பேசிக் குறைக்கலாம். அதே ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்து அம்மன் கோயில் சாலைப் பக்கம் மட்டும் வண்டியை விடாதீர்கள். மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்று கேட்பீர்கள். அப்போது வேனெல்லாம் சபரிமலைக்குப் போயிருக்கும்.

தெரிந்தவர் காரை ‘பெட்ரோல் போட்டு ஏதாவது குடுத்துடு’ என்று எடுப்பது மலிவாகத் தெரியும். டி போர்டு இல்லாத வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரிக்கும்.

பைக் விஷயத்தில் நம் பக்கத்துப் பசங்களுக்கு அறிவுரை ஏறாது என்று தெரியும். இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு போய் வர 110 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டர் பெட்ரோல், சுமார் 250 ரூபாய், இருவருக்குப் பங்கு 125. ரயிலும் பேருந்தும் சேர்த்து 80. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி, பொன்னேரி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டியது தனி. கூடுதலாக 45 ரூபாய் கொடுத்து அந்தப் புழுதியைத் தின்பானேன்?

மொத்தமாகக் காசு கேட்டால் யாராலும் முடியவில்லை. எப்படிச் சேர்ப்பது?

நம் தெருவில் தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு கட்டாத வீடு எது? அதே பாணியில் டூர் சீட்டு. வாரம் 100 ரூபாய், 18 வாரம், ஆளுக்கு 1,800. ஏலகிரி போய் வந்துவிடலாம். ஏலம் வேண்டாம், வட்டி வேண்டாம், நடுவில் யாருக்கும் கைமாற்று வேண்டாம். வெறும் சேமிப்பு. ஏலம் என்று வந்துவிட்டால் அது வேறு சட்டத்துக்குள் போகிற விஷயம், நட்புக்கும் நல்லதில்லை.

பணம் ஒருவர் கணக்கில் இருக்கட்டும், வரவு எழுதுவது இன்னொருவர். வாரச் சம்பளக்காரன் இருந்தால் சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு என்றால் தாமதம். சினிமா, பிரியாணி என்று கரைந்திருக்கும். எவன் எந்த வாரம் கட்டவில்லை என்பதைக் குரூப்பில் போட்டு மானத்தை வாங்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிற நண்பர் கூட்டத்தில் இருந்தால் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் அவருக்கு நேரம் இருக்கும், வரும்படி இருக்காது. அதனால் சீட்டு ஏப்ரல் 15-க்கு முன் முடிகிற மாதிரி ஆரம்பியுங்கள். போவதை ஜூன் முதல் இரண்டு வாரத்தில் வையுங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், மலையில் குடும்பக் கூட்டம் குறைந்திருக்கும், ரூம் விலையும் இறங்கியிருக்கும், தடையும் முடிந்திருக்காது.

கடைசி நிமிடத்தில் ஒருவன் கழன்றுகொண்டால்?

3,600 ரூபாய் ரூமை ஆறு பேர் பகிர்ந்தால் 600, நாலு பேர் என்றால் 900. இரண்டு பேர் வராமல் போனால் மற்ற நாலு பேர் தலையில் 300 ஏறும். ஆகவே சீட்டு ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்: வராதவருக்கு ரயில் ரத்துப் பிடித்தமும் ரூம் பங்கும் போக மீதிதான் திரும்பக் கிடைக்கும். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி என்றால் இந்த விதி கிடையாது, மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ‘தூங்கிட்டேன்’ என்பதற்கு விதி உண்டு.

குடிக்கிறவர்கள், குடிக்காதவர்கள் கலந்த கூட்டம். செலவை எப்படிப் பிரிப்பது?

சரக்குக் கணக்கு தனி. சோடா, சைடு டிஷ் உட்பட. பொதுப் பணத்தில் ஒரு பைசா போகக் கூடாது. பல கூட்டங்கள் உடைவது இந்த ஒரு இடத்தில்தான். பாண்டியிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ பாட்டில் கொண்டுவந்து எல்லைச் சோதனையில் மாட்டினால் மொத்த டிரிப் செலவைவிட அதிகமாகப் போகும்.

தோழிகளோடு போக ஆசை. வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

காசைவிடப் பெரிய தடை இதுதான் என்று நிறையப் பெண்கள் சொல்கிறார்கள். முதல் தடவையே ராத்திரி தங்கும் திட்டத்தைக் கேட்டால் ‘கூடாது’ என்ற பதில்தான் வரும். முதலில் ஒரு பகல் பயணம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்புகிற மாதிரி ஏற்பாடு செய்து, சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். யார் யார் வருகிறார்கள், அவர்கள் வீட்டு எண், எந்த ரயில் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் அவர்கள் பார்ப்பதில்லை, தாள் என்றால் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அம்மாக்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்ளட்டும். ஓர் அம்மா சம்மதித்தால் மற்ற அம்மாக்களிடம் அவரே பேசிவிடுவார்.

புறநகர் ரயிலில் பெண்கள் பெட்டி இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதனால் ஒரே ஊருக்கு ஆண்கள் கூட்டத்தைவிட உங்களுக்குச் செலவு குறைவாகத்தான் வரும். தங்கும் பயணம் என்றால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதிகளைச் சொல்லிப் பாருங்கள், ‘கவர்மென்ட் விடுதி’ என்ற சொல்லுக்கு அப்பாக்களிடம் மதிப்பு உண்டு.

ஆண், பெண் கலந்த கூட்டமாகப் போனால் லாட்ஜில் ரூம் தர மறுப்பது நடக்கிறது. திருமணமாகாத இருவர் ஒரு ரூமில் தங்குவது குற்றமல்ல என்று 2019-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு வரவேற்பு மேசையில் நின்று சட்டம் பேச யாருக்குத் தெம்பு? போனிலேயே கூட்டத்தின் விவரத்தைச் சொல்லி, சம்மதம் என்றால் மட்டும் அட்வான்ஸ் அனுப்புங்கள். ஒவ்வொருவரும் ஆதார் அட்டை வைத்திருங்கள்.

தடா அருவி, நாகலாபுரம் டிரெக்கிங் எல்லாம் செலவே இல்லை என்கிறார்களே?

பணச் செலவு இல்லைதான். அந்த மடுக்களில் நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கியிருக்கிறார்கள். மேலே மழை பெய்தால் கீழே இருப்பவருக்குத் தெரியாது, தண்ணீர் திடீரென்று வரும். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். மற்ற நாட்களில் வனத்துறை அனுமதிக்கிற இடம் வரை மட்டும்.

அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தைப் பாருங்கள். மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் பதிவு, வழிகாட்டி கூடவே வருவார். அதில் நமக்குப் பக்கத்தில் இருப்பது பூண்டியை ஒட்டிய குடியம் குகைகள். கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடம். அதற்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில்தான் 1863-ல் நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். கட்டணம் கொஞ்சம் உண்டு, ஆனால் ரூம் செலவு இல்லாத ஒரு நாள் பயணம்.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க வழி?

முதல் வேளை வீட்டிலிருந்து. ஆளுக்கு ஒன்று பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு வீட்டில் புளிசாதம், ஒரு வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல், ஒருவர் அவித்த முட்டை. எல்லாரும் புளிசாதமே கட்டிக்கொண்டு வந்த கதையும் நடக்கும், முன்கூட்டியே பேசிவையுங்கள். ரயிலில் சிறிய காஸ் அடுப்பு கொண்டுபோகும் யோசனை வேண்டாம், அது தடை செய்யப்பட்ட பொருள். சுற்றுலா இடத்து வாசலில் இருக்கும் ஓட்டலைத் தாண்டி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிரைவர், கண்டக்டர் சாப்பிடுகிற மெஸ்ஸைத் தேடுங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டால் ஆறு பேருக்கு இரண்டு நாளில் 200 ரூபாயாவது நிற்கும்.

கணக்கை எப்போது முடிப்பது?

வீடு வந்து சேர்வதற்குள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் அடுத்த பொங்கல் வரை இழுக்கும், கேட்கவும் கூச்சமாக இருக்கும். செலவு எழுதியவர் ரயிலிலேயே கூட்டிச் சொல்லட்டும், தர வேண்டியவர் அங்கேயே ஜிபே போடட்டும். மிச்சம் இருந்தால் சமமாகத் திருப்பிக் கொடுங்கள். ‘அடுத்த டிரிப்புக்கு வச்சுக்கலாம்’ என்று பெரும்பான்மை சொன்னாலும் கொடுங்கள், அந்த 80 ரூபாய் யாருக்காவது மறுநாள் பஸ் காசாக இருக்கும். சென்ட்ரலுக்கு வருகிற வண்டி எப்படியும் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்கும். ஆறு பேர் கணக்குக்கு அந்த நேரம் தாராளம்.